நான்கு மாதத்தில் இரண்டு வாட்டர் பம்ப்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பழைய சொகுசு காருக்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை வாட்டர் பம்ப், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுற்றவிடும் பம்ப், மாற்றினேன். இரண்டு தடவையும் நானேதான் கழற்றி மாட்டினேன். முதல் பம்ப் மலிவு, இரண்டாவது ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு விலை. முதலாவது மாதிரியை வாங்காதீர்கள், இரண்டாவது மாதிரியை வாங்குங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அதில் பம்பின் குறை எவ்வளவு, என் முட்டாள்தனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் யாருக்கும் உதவாது.

கார் இருபது வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் செடான். நேர்வரிசையில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பின்சக்கர இயக்கம், தோல் சீட், மர வேலைப்பாடு எல்லாம் உண்டு. புதிதாக வந்த காலத்தில் இதைத் தெருவில் நின்று வேடிக்கைதான் பார்த்திருப்பேன். வயதானதும் விலை சரிந்து என்னைப் போன்றவர்கள் கைக்கு வந்துவிடுகிறது, ஆனால் காரின் விலை இறங்கினாலும் உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை என்பது வாங்கிய பிறகுதான் உறைக்கும். கார் கம்பெனியின் பெயர் வேண்டாம். இத்தனை வருடம் உழைத்த பம்ப் ஒழுகுவதற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமும் இல்லை.

ஆரம்பத்தில் கூலன்ட் குறைவு என்ற விளக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எரிந்தது. ஊற்றினேன், அணைந்தது. அப்புறம் மாதம் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டு கிடையாது, அதனால்தான் இவ்வளவு நாள் அலட்சியமாக இருந்தேன். இந்த வகைக் கார்களில் எஞ்சினுக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று மூடியிருக்கும். சொட்டுவது அதில் விழுந்து, எஞ்சின் சூட்டில் காய்ந்துவிடும், கீழே வராது. ஓட்டி முடித்து நிறுத்தியதும் பானெட் பக்கம் லேசாக ஒரு இனிப்பு வாசனை வருவதை மட்டும் கவனித்திருந்தேன். அது கூலன்ட்டின் வாசனை, அதில் முக்கியமாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். வாசனை இனிப்பு, சரக்கு விஷம். தரையில் சிந்தினால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போதும் சிறுநீரகம் போய்விடும், ஆகவே வேலை செய்யும்போது சிந்தியதை உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

அடித்தட்டைக் கழற்றி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பம்புக்குக் கீழே, கூலன்ட் வழிந்து காய்ந்து உப்புப் பூத்த மாதிரி வெளிர்நீலக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. பம்பின் உடம்பில் ஒரு சிறு துளை உண்டு, வீப் ஹோல் என்பார்கள். கூலன்ட் வெளியே வராமல் அடைக்கும் சீலுக்கும், தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது. சீலைத் தாண்டி வரும் கூலன்ட் பேரிங்குக்குள் போய் அதன் கிரீஸைக் கழுவிவிடாமல் வெளியே போகட்டும் என்பதற்காகத்தான் அந்தத் துளை. அதில் கூலன்ட் தொடர்ந்து வந்தால் சீல் தேய்ந்துவிட்டது என்று பம்பே சொல்கிறது. நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த ஓட்டையில கொஞ்சம் பசையை வச்சு அடைச்சுட்டா முடிஞ்சுதே” என்றார். அடைத்தால் ஒழுகல் நிற்கும், பேரிங் சாகும், பம்ப் இறுகினால் பெல்ட் அறுந்து நடுவழியில் நிற்பீர்கள்.

பசை வைக்கவில்லையே தவிர, அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றைச் செய்தேன். ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவு தானாக அடைபடும் என்று ஒரு புட்டியில் விற்கிறார்களே, அதை வாங்கி ஊற்றினேன். இரண்டு வாரம் விளக்கு எரியவில்லை. மூன்றாவது வாரம் மறுபடி எரிந்தது, கூடவே ஹீட்டரில் வரும் சூடு குறைந்த மாதிரி ஒரு சந்தேகமும் வந்தது. அந்தச் சரக்கில் இருக்கும் துகள்களுக்குக் கசியும் இடம் எது, ஹீட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய் எது என்று தெரியாது, போகிற இடமெல்லாம் படியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இங்கே டெம்பரேச்சர் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காலகட்டத்து ஜெர்மன் கார்கள் பலவற்றில் முள் உண்மையைச் சொல்லாது. எஞ்சின் ஓரளவு சூடானதும் நடுவில் வந்து நிற்கும், அதற்கப்புறம் உள்ளே வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாதாம். முள் நகர்ந்து சிவப்பை நோக்கிப் போகிறது என்றால் நிலைமை ஏற்கெனவே கைமீறும் கட்டத்தில் இருக்கிறது. அலுமினிய சிலிண்டர் ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிட்டால், பம்புக்கு ஆகும் செலவெல்லாம் சில்லறை. சரிபாதி தண்ணீர் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வண்டிக்குள் அதற்கு மேலும் தாங்குகிறது. கசிவு இருந்தால் அந்த அழுத்தமும் சரியாக நிற்காது. ‘சும்மா சொட்டுதானே’ என்று ஓட்டிக்கொண்டிருந்தது தவறு, அவ்வளவுதான்.

முதலில் ஒரு பணிமனையில் காட்டினேன். அவர்கள் ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம், எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலன்ட் ஊற்றும் தொட்டி), பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என்று நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். படித்ததும் கோபம் வந்தது, ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து வந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அந்தப் பட்டியலில் பாதி சரி. ரேடியேட்டரும் ஹோஸும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் தெர்மோஸ்டாட்டும் பெல்ட்டும் டென்ஷனரும் நான் கேட்டிருக்க வேண்டியவை.

கேட்கவில்லை. பம்பை மட்டும் வாங்கினேன், அதுவும் இருப்பதிலேயே மலிவானதை. படத்தில் எல்லாப் பம்பும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ‘உலோக இம்பெல்லர்’ (கூலன்ட்டைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) என்று போட்டிருந்ததும் மயங்கிவிட்டேன். 1990களில் சில ஜெர்மன் கார்களில் வந்த பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் வயதாகி உடைந்து, தண்டு மட்டும் சுற்ற, கூலன்ட் நகராமல் எஞ்சின் வெந்துபோன கதைகளைக் கேட்டவர்களுக்கு உலோகம் என்ற சொல்லே போதும். எல்லா உலோகமும் ஒன்றல்ல என்பது தனியாகத் தெரிய வேண்டியிருந்தது.

வேலை எப்படி என்று கேட்பவர்களுக்காக: கடினமில்லை, ஆனால் வரிசை முக்கியம். எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்துக்கு நேராகப் பீறிடும், இதில் விளையாட்டு வேண்டாம். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் பாதிதான் வடியும், மீதி எஞ்சின் பிளாக்கிலேயே நிற்கும், அதற்குத் தனி பிளக் உண்டு. என் எஞ்சினில் முன்விசிறி பம்பின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, 32 மில்லிமீட்டர் நட்டு, அதுவும் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கமான பக்கம் திருப்பி அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன், எனக்கு நானே இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. கழற்றிய விசிறிக் கிளட்சைப் படுக்க வைக்காமல், வண்டியில் இருந்த மாதிரியே நிமிர்த்தி வையுங்கள், உள்ளே இருக்கும் சிலிக்கான் எண்ணெய் கசிந்துவிடக் கூடாது.

இன்னொன்று, பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே பம்பின் புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) இருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். பெல்ட் இருக்கும்வரை அது புல்லியைப் பிடித்து நிறுத்தும், பெல்ட் போனபிறகு ஸ்பேனரைத் திருப்பினால் புல்லியும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், கையால் பிடித்து ஒன்றும் நடக்காது. அப்புறம் பம்ப். நான்கு நட்டுகளையும் எடுத்தாயிற்று, அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பலாமா என்று கை பரபரத்தது. அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கேயே கசிவு ஆரம்பிக்கும். நல்லவேளை, தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன். “சார், பம்ப்லயே ரெண்டு மரை ஓட்டை இருக்கும் பாருங்க. அதுல எம்6 சைஸ் போல்ட் ரெண்டைப் போட்டு, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு மாத்தி மாத்தி இறுக்குங்க, அதுவா வெளிய வரும். நெம்பாதீங்க சார்” என்றார். வந்தது, வெண்ணெய் மாதிரி. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த தருணம் அதுதான். இருபது வருடம் கழித்து ஒருவன் இதைக் கழற்றுவான் என்று யோசித்து யாரோ அந்த இரண்டு துளைகளைப் போட்டிருக்கிறார்களே.

போனை வைக்கும் முன் அவர் இன்னொன்றும் கேட்டார். “தெர்மோஸ்டாட் வாங்கியிருக்கீங்கல்ல?” வாங்கவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மலிவு பம்பை மாட்டி, பழைய பெல்ட்டையே போட்டு, கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்து, ஓட்டினேன். முதல் சில நாள் வீப் ஹோலில் லேசான ஈரம் தெரிந்தது. புதிய பம்பில் சீலின் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை கொஞ்சம் கசிவது இயல்பு, அது தானாக நின்றுவிடும். எனக்கும் நின்றது. மூன்றாவது மாதம் மறுபடி ஆரம்பித்தது, நான்காவது மாதம் விளக்கு எரிந்தது. டார்ச், கண்ணாடி, அதே துளை, அதே கோடு. இந்தத் தடவை புல்லியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் கையில் தெரியும் அளவுக்கு ஆட்டமும் இருந்தது.

முழுப் பழியையும் பம்ப் மேல் போட மாட்டேன். சீல் என்பது வழுவழுப்பாகத் தீட்டிய இரண்டு வளையங்கள், கார்பனும் செராமிக்கும் போன்றவை, ஒன்றன் மேல் ஒன்று உரசிச் சுற்றுவது. நடுவில் மெல்லிய படலமாக நிற்கும் கூலன்ட்தான் அதற்கு எண்ணெய். அந்த இடத்துக்குள் நான் ஊற்றிய ‘கசிவு அடைப்பான்’ துகள்கள் போயிருந்தால் எந்த சீலும் பாவம்தான். பம்ப் மாற்றும்போது ஒரு தடவை வெறும் தண்ணீர் விட்டு அலசினேன், அது போதவில்லை என்று இரண்டாவது தடவை பிளாக்கிலிருந்து வந்த பழுப்புக் குழம்பைப் பார்த்தபோது தெரிந்தது. போதாக்குறைக்கு முதல் தடவை கூலன்ட்டோடு கலந்தது குழாய்த் தண்ணீர். அதில் இருக்கும் உப்பு உள்ளே படியும். ஆனால் பேரிங் ஆட்டத்துக்கு என் துகளும் உப்பும் பொறுப்பில்லை, அது பம்பின் தரம்.

இரண்டாவது பம்பை வாங்கி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சிரிப்புதான் வந்தது. இதைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? மலிவுப் பம்பின் வார்ப்பில் ஓரங்களில் பிசிறு, கை வைத்தால் கீறும். இம்பெல்லர் தகட்டை வெட்டி மடித்த மாதிரி, இதழ்கள் தட்டையாக, ஒன்றுக்கொன்று சாய்வுகூட ஒரே அளவில் இல்லை. விலை அதிகமான பம்பில் வார்த்த இம்பெல்லர், இதழ்கள் வளைந்து தண்ணீரைத் தள்ளும் வடிவத்தில் இருந்தன, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் கண்ணாடி மாதிரி. தண்டைச் சுற்றினால் மலிவில் மணல் அரைபடும் உணர்வு (அது ஓடிய பம்ப், அதனால் ஒப்பீடு முழு நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன்), இதில் ஒரே சீரான, லேசான இறுக்கம். எடையும் கையில் தெரிந்தது. இது காரின் ஒரிஜினல் பம்பைச் செய்துகொடுக்கும் அதே தயாரிப்பாளரின் பம்ப், கார் கம்பெனியின் பெட்டி இல்லாமல் தன் பெட்டியில் விற்கிறார்கள். கார் கம்பெனிப் பெட்டியில் வாங்கினால் இன்னும் அதிகம், அந்தப் பெட்டிக்காக நான் கொடுக்கத் தயாராக இல்லை.

உலோகமா பிளாஸ்டிக்கா என்ற சண்டையில் எனக்கு இப்போது பெரிய ஈடுபாடு இல்லை. பிற்காலக் கலவைப் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் நன்றாகவே தாங்குகின்றன. உலோக இம்பெல்லரிலும் ஒரு அபாயம் உண்டு, பேரிங் போய்த் தண்டு ஆடத் தொடங்கினால் அது சுற்றியிருக்கும் அலுமினியத்தையே சுரண்டிவிடும். நல்ல பேரிங்கும் நல்ல சீலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இம்பெல்லர் பிறகு.

இந்தத் தடவை தெர்மோஸ்டாட், பெல்ட், டென்ஷனர், எக்ஸ்பான்ஷன் டேங்கின் மூடி எல்லாம் புதிது. முதல் தடவை ஆறு மணி நேரம் பிடித்த வேலை மூன்றரை மணியில் முடிந்தது. தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கு தடவை அலசினேன். பம்பின் முகம் உட்காரும் இடத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்தேன். ஓ-ரிங்குக்குக் கிரீஸ் தடவாமல் கூலன்ட்டையே தொட்டுத் தடவினேன். கூலிங் பாகங்களில் வரும் ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். எம்6 நட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துத்தான் இறுக்கினேன், அலுமினியத்தில் மரை போனால் அப்புறம் அழ வேண்டியதுதான். கூலன்ட் காரின் கையேட்டில் சொன்ன வகை, காய்ச்சி வடித்த தண்ணீருடன் சரிபாதி. நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், நீலம் என்றால் இன்னது என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது.

காற்றெடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்சினைக் கிளப்பாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் ஹீட்டர் வால்வு திறக்கும். காற்று வெளியேறும் திருகைத் தளர்த்தி, டேங்கில் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், திருகு வழியாகக் குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும்வரை. வண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தினால் காற்று சீக்கிரம் வரும். அப்புறம் ஓட்டிப் பார்த்து, ஆறியபின் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்து டெம்பரேச்சர் ஏறினால் உள்ளே இன்னும் காற்று நிற்கிறது.

எல்லாக் காருக்கும் இதே வழி என்று நினைத்துவிடாதீர்கள். 1989-இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ் 400 போன்ற கார்களில் டைமிங் பெல்ட்தான் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது, பம்பைத் தொட வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதையும் திறந்து டைமிங்கைக் கலைக்க வேண்டும். அதனால்தான் டைமிங் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுகிறார்கள். பிஎம்டபிள்யூ 2004-இல் வந்த என்52 எஞ்சினில் பெல்ட்டே இல்லாத மின்சாரப் பம்பைப் போட்டது. அதில் காற்றெடுப்பதுகூட வேறு மாதிரி, பம்பே சில நிமிடம் ஓடித் தானாகக் காற்றை வெளியேற்றும். உங்கள் எஞ்சின் எது என்று தெரிந்துகொண்டு பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

இரண்டாவது பம்ப் மாட்டி பதினான்கு மாதம் ஆகிறது. வீப் ஹோல் காய்ந்து கிடக்கிறது, கூலன்ட் அளவு கோட்டிலேயே நிற்கிறது, ஹீட்டர் சூடும் திரும்பி வந்துவிட்டது. டிக்கியில் எப்போதும் வைத்திருந்த கூலன்ட் கேனை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டேன். குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமென்றால், இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் பெட்டிக்குள் ஓ-ரிங் மட்டும் வைத்துவிட்டு நான்கு நட்டுகளை வைக்காமல் விட்டது. பழைய நட்டுகளில் இரண்டு துருப்பிடித்து முனை மழுங்கியிருந்தன, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு நான்கு சின்ன நட்டுகளைத் தேடி அலைந்தேன். மாட்டும் முறை பற்றி ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

மலிவுப் பம்புக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் கழற்றிப் பழக உதவியது என்பதற்காக. இரண்டாவது பம்புக்கு நாலரை. குறைத்த அந்த அரை, நட்டுகளுக்கு.